‘யூலிஸிஸ்’ நாவலில் வரலாற்றை வாசிப்பது எப்படி: யாழ்ப்பாணத்துப் புதிய வாசகருக்கு

ஜேம்ஸ் ஜோய்ஸின் ‘யூலிஸிஸ்’ 1904 யூன் 16, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டப்ளினில் தொடங்கி, அடுத்த நாள் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. அயர்லாந்து அப்போது பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்தது. அந்த ஒரு நாளில் கிளர்ச்சி எதுவும் நடக்கவில்லை. தலைவர் எவரும் கைதாகவில்லை. பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கும் லியோபோல்ட் புளூம் காலைச் சாப்பாடு ஆக்குகிறார், செத்தவீட்டுக்குப் போகிறார், பத்திரிகைக் கந்தோருக்கும் தவறணைக்கும் அலைகிறார். ஸ்டீபன் டெடலஸ் என்ற இளம் ஆசிரியர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துச் சம்பளம் வாங்கி, அன்றிரவே அதில் பெரும்பங்கைச் செலவழித்துவிடுகிறார். கதை இவ்வளவுதான். ஆனால் ஏழு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்நிய ஆட்சி அந்த நாளின் காசுக் கணக்கிலும் தெருச் சிலையிலும் தவறணைப் பேச்சிலும் ஏறிக் குந்தியிருக்கிறது.

நாவல் முழுவதற்கும் உரை சொல்வது இந்த வழிகாட்டியின் நோக்கமில்லை. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் வரலாற்றை இந்த நாவல் எப்படிக் காட்டுகிறது, எப்படிக் கேள்வி கேட்கிறது என்ற ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போக உதவுவதே நோக்கம். முக்கியமான சங்கதியை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜோய்ஸ் வரலாற்றைத் தன் வாயால் சொல்வதில்லை. யாராவது ஒருவருடைய வாயில் வைக்கிறார். அந்த ஒருவர் சம்பளம் கொடுக்கும் முதலாளியாக இருப்பார், கடன் வசூலிப்பவராக இருப்பார், அடுத்த மிடறை யார் வாங்கித்தருவார் என்று பார்த்திருப்பவராக இருப்பார். ஆகவே என்ன நடந்தது என்று தேடுவதற்கு முன், இதை யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பழகவேண்டும்.

தொடங்குமுன்

ஜோய்ஸ் 1941இல் காலமானார். 1922இன் மூலப்பதிப்பு இன்று பொதுச்சொத்து; குட்டன்பேர்க் இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். அச்சுப் புத்தகம் கிடைக்குமானால் 1984இல் வந்த காப்ளர் பதிப்பு நல்லது. அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வரி இலக்கம் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது “எந்தப் பக்கம்?” என்று தேடியே அரைமணி நேரம் போய்விடும், வரி இலக்கம் அதைத் தடுக்கும். எந்தப் பதிப்பானாலும் எல்லாரும் ஒன்றையே வைத்திருங்கள்.

மொத்தம் 18 அத்தியாயங்கள். அவற்றுக்குப் புத்தகத்தில் தலைப்பே கிடையாது. திறனாய்வாளர்கள் ஹோமரின் ‘ஒடிசி’யிலிருந்து எடுத்த பெயர்களால் அவற்றைக் குறிப்பார்கள். நமது நோக்கத்துக்கு இலக்கமே போதும். ஹோமரோடு ஒப்பிடும் வேலையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். புதியவர்கள் இதில்தான் முதலில் வழுக்கி விழுகிறார்கள்: எந்தப் பாத்திரம் எந்தக் கிரேக்க வீரன் என்று தேடித் தேடி, கண்முன்னால் நிற்கும் டப்ளினைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

வாசிக்கும் ஒழுங்கு இது: 2, 1, 5இன் முதற் சில பக்கங்கள், 7, 10, 12, பிறகு 15இன் கடைசிப்பகுதி, 16, 18. இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது குறுகியது, ஒரு மாலையில் முடியும், நடப்பதே வரலாற்றுப் பாடம். மூன்றாம் அத்தியாயத்தை இந்தச் சுற்றில் தொடவேண்டாம். முதலாம் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனவர்களில் பலர் புத்தகத்தை மூடிவைத்த இடம் அதுதான். கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்து, 12ஐ மட்டும் மூன்று கிழமைக்குப் பிரித்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடிக்கலாம். 1982இல் அயர்லாந்து வானொலி முழு நாவலையும் நாடகமாக ஒலிபரப்பியது. ஏறத்தாழ 30 மணித்தியாலம். கண்ணால் வாசித்து விளங்காத பக்கம் காதால் கேட்டால் பல இடங்களில் விளங்கிவிடும். 12ஆம் அத்தியாயத்துக்கு அது பேருதவி.

ஒரு கொப்பி வாங்கி, பக்கத்தை நான்கு நிரலாகக் கோடு போடுங்கள். முதல் நிரலில் சொல்பவர். இரண்டாவதில் அவர் சொல்லும் வரலாறு. மூன்றாவதில் உண்மையில் நடந்தது. நான்காவதில் அவருக்கு அதனால் ஆவது. மூன்றாவது நிரலை நிரப்பக் கொப்பியின் முதற்பக்கத்தில் சில ஆண்டுகளை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்: நோர்மன் படை இறங்கிய 1169, பெருங்கிளர்ச்சி நடந்து நசுக்கப்பட்ட 1798, டப்ளின் பாராளுமன்றத்தைக் கலைத்து அயர்லாந்தைப் பிரித்தானியாவோடு இணைத்த சட்டம் நடைமுறைக்கு வந்த 1801, கிளர்ச்சித் தலைவர் ரொபேர்ட் எம்மெட் தூக்கிலிடப்பட்ட 1803, ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கொன்று, இன்னும் அவ்வளவு பேரைக் கப்பலேற்றிய உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிய 1845, தன்னாட்சிக்காகப் போராடிய தலைவர் பார்னல், மணமான பெண்ணொருத்தியுடனான உறவு வெளிவந்ததால் தன் கட்சியாலும் திருச்சபையாலும் கைவிடப்பட்ட 1890, அவர் இறந்த 1891.

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு வேறொரு வரிசை எழுதுங்கள்: ஜோய்ஸ் எழுதத் தொடங்கிய 1914, டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்த 1916, சுதந்திரப் போர் நடந்த 1919 முதல் 1921 வரை, நாவல் பாரிஸில் வெளியான 1922 பெப்ரவரி 2. கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் பாத்திரங்களுக்குத் தெரியாது. எழுதியவருக்கும் முதல் வாசகருக்கும் தெரியும். இந்த இடைவெளியை மறந்தால் நாவலின் பாதி போய்விடும்.

சம்பளம் கொடுப்பவர் சொல்லும் வரலாறு

இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்டீபன் டோல்கியிலுள்ள வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். பாடம் பண்டைய கிரேக்க மன்னன் பிர்ரஸ். இன்னொரு வெற்றி இப்படிக் கிடைத்தால் நாம் தொலைந்தோம் என்ற அவனது பேச்சு மட்டும் பிள்ளைகளுக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. அவர்களுக்கு வரலாறு கேட்டுச் சலித்த இன்னொரு கதை, அவர்களுடைய நாடு ஓர் அடைவுகடை என்று ஸ்டீபன் மனதுக்குள் நினைக்கிறார். சொந்த நாட்டு வரலாறு அந்த வகுப்பில் படிப்பிக்கப்படவேயில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து அரசர் வரிசையைப் பாடமாக்கக் கொடுத்த ஊரில் இதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

பாடம் முடிந்ததும் தலைமையாசிரியர் டீசி சம்பளம் கொடுக்கிறார். இந்தக் காட்சியைத்தான் முதற் பயிற்சியாக எடுக்கவேண்டும். இரண்டு தாள், ஒரு தங்க நாணயம், இரண்டு கிரவுண், இரண்டு சிலிங்: மொத்தம் மூன்று பவுண், பன்னிரண்டு சிலிங். காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே டீசி வரலாறு படிப்பிக்கிறார். வாங்குபவருக்குக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது கொப்பியை எடுங்கள்.

டீசி சொல்வது: தன் மூதாதை சேர் ஜோன் பிளாக்வூட் பிரித்தானியாவோடான ஒன்றிணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார். நடந்தது: பிளாக்வூட் அதை எதிர்த்தவர், எதிர்த்து வாக்களிக்கப் புறப்பட்டபோது இறந்துபோனவர். டீசி சொல்வது: கெட்டுப்போன ஒரு பெண்தான் அந்நியரை இந்நாட்டுக்குள் கொண்டுவந்தாள், மக்மரோவின் மனைவியும் அவளுடைய கள்ளக் காதலன் ஓ’ரூர்க்கும். நடந்தது: அவள் ஓ’ரூர்க்கின் மனைவி, அவளைக் கொண்டுபோனவர் சிற்றரசர் மக்மரோ. நோர்மன் படையைக் கூப்பிட்டவரும் அதே மக்மரோதான். அரசியல் செய்த ஆண் நழுவிப்போய், பழி முழுவதும் பெண்ணின் தலையில் விழுகிறது. டீசி சொல்வது: யூதரைத் துன்புறுத்தாத நாடு அயர்லாந்து, ஏனென்றால் அவர்களை உள்ளே விடவேயில்லை. நடந்தது: டப்ளினில் யூதர் வாழ்ந்தார்கள், அதே 1904இன் தொடக்கத்தில் லிமெரிக் நகரில் யூத வியாபாரிகளைப் புறக்கணிக்கும் இயக்கமே நடந்தது. இரண்டு அத்தியாயம் தள்ளி, யூதத் தந்தைக்குப் பிறந்த புளூம் தன் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருப்பார்.

சிக்கனம் பற்றிப் புத்தி சொல்ல டீசி ஷேக்ஸ்பியரைத் துணைக்கழைக்கிறார்: பையில் காசைப் போட்டுக்கொள். ஸ்டீபன் முணுமுணுப்பது ஒரே ஒரு பெயர்: இயாகோ. அந்த வசனத்தைப் பேசியவன் ‘ஒதெல்லோ’வின் வஞ்சகன். யார் சொன்னது என்று கேட்காமல் மேற்கோள் காட்டுவதால் வரும் கேட்டை ஜோய்ஸ் இங்கே ஒரு சொல்லில் காட்டிவிடுகிறார். நாவல் முழுவதையும் எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கான திறவுகோலும் இதுதான்.

இதே அத்தியாயத்தில்தான் நாவலின் மிகப் புகழ்பெற்ற வசனம் வருகிறது: வரலாறு, தான் விழித்தெழ முயலும் ஒரு கெட்ட கனவு என்று ஸ்டீபன் சொல்கிறார். இதை ஜோய்ஸின் தீர்ப்பாக எடுத்துக் கட்டுரைக்குத் தலைப்பாக வைப்பது வழக்கமான பிழை. சொல்பவர் 22 வயது இளைஞர், கடனாளி, காசு தந்தவரின் யூத வெறுப்புப் பேச்சுக்கு முன்னால் நிற்கிறார். டீசியின் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்: வரலாறு முழுவதும் ஒரே பெரிய இலக்கை நோக்கி நகர்கிறது, அது கடவுளின் வெளிப்பாடு. வென்றவருக்கு வரலாறு நேர்கோடு, தோற்றவருக்குக் கெட்ட கனவு. நாவல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போகிறது.

பால்காரியின் கணக்கு

முதலாம் அத்தியாயம் நடப்பது கடற்கரைக் காவற்கோபுரம் ஒன்றில். நெப்போலியனின் படை வரும் என்ற பயத்தில் பிரித்தானியர் கட்டியது. ஸ்டீபனும் நண்பன் மலிகனும் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை 12 பவுண்; அதைப் பெறுபவர் பிரித்தானியப் போர் அமைச்சர். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டி, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டையைத் தினமும் பஸ்ஸில் கடப்பவர்களுக்கு, அந்நியன் கட்டிய கல்லுக்குள்ளேயே சீவிக்கும் நிலைமை புதிதாகத் தோன்றாது.

அங்கே விருந்தாளியாக வந்திருக்கும் ஹெயின்ஸ் ஆங்கிலேயர், ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், ஐரிஷ் மொழியில் ஆர்வமுள்ளவர். பால் கொண்டுவரும் கிழவியிடம் ஐரிஷில் பேசுகிறார். கிழவி, நீங்கள் பேசுவது பிரெஞ்சா ஐயா என்று கேட்கிறாள். ஐரிஷ் என்று சொன்னதும், தனக்கு அது தெரியாதது வெட்கம், தெரிந்தவர்கள் அது பெரிய மொழி என்று சொல்கிறார்கள் என்கிறாள். அயர்லாந்தின் பழைய பாட்டுகளில் நாடு ஓர் ஏழைக் கிழவியாகவே வரும். நமக்குத் தமிழ்த்தாய் எப்படியோ அப்படி. ஸ்டீபனும் அவளை அப்படித்தான் பார்க்கத் தொடங்குகிறார். அந்த நேரம் பார்த்து ஜோய்ஸ் அவளைக் கணக்குச் சொல்ல வைக்கிறார். ஏழு நாள், நாளுக்கு ஒரு பைந்து, பைந்து இரண்டு பென்ஸ்: ஒரு சிலிங் இரண்டு பென்ஸ். மூன்று நாள், நாளுக்கு ஒரு குவாட், குவாட் நாலு பென்ஸ்: ஒரு சிலிங். மொத்தம் இரண்டு சிலிங் இரண்டு பென்ஸ். மலிகன் கொடுப்பது இரண்டு சிலிங். இரண்டு பென்ஸ் கடன் நிற்கிறது.

தாய்நாட்டுக்கு உருவம் கொடுக்கும் கவிதைகள் எதிலும் இந்த இரண்டு பென்ஸ் வராது. நாவல் கேட்கும் கேள்வி அங்கேதான் இருக்கிறது: அவளைத் தாய் என்று பாடியவர்கள் பாலுக்குக் காசு கொடுத்தார்களா? இந்தக் கிழவியை மறக்காதீர்கள். 15ஆம் அத்தியாயத்தில் பல்லில்லாத பாட்டியாக அவள் திரும்பி வருவாள், ஸ்டீபனின் கையில் கத்தியைக் கொடுத்து இரத்தம் கேட்பாள்.

ஹெயின்ஸ் சொல்லும் ஒரு வசனத்தையும் கொப்பியில் ஏற்றுங்கள். உங்களை நாங்கள் நியாயமில்லாமல் நடத்திவிட்டோம் என்று இங்கிலாந்தில் உணர்கிறோம், வரலாறுதான் பிழை போலிருக்கிறது என்கிறார். செய்தவர்கள் காணாமற்போய் வரலாறு குற்றவாளியாகிவிடுகிறது. நான்காவது நிரலில் என்ன எழுதுவது என்று குழுவில் கதையுங்கள்.

தேயிலைக் கடையின் கண்ணாடி

ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இலங்கை வருகிறது. வெஸ்ட்லண்ட் வீதியில் ஒரு தேயிலைக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் புளூம் நிற்கிறார். பெட்டிகளில் சிறந்த சிலோன் தேயிலை என்று எழுதியிருக்கிறது. உடனே கற்பனை ஓடுகிறது: உலகின் தோட்டம், மிதக்கும் பெரிய இலைகள், வெயிலில் ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கும் சிங்களவர்கள், வருடத்தில் ஆறு மாதம் தூக்கம். நடுவில், உண்மையில் அப்படித்தானா என்று ஒரு சின்னச் சந்தேகமும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது.

1904இல் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். விடியலில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்புக்கு) போய்ப் பொழுதுபடும்வரை நின்று உழைத்தவர்கள். புளூமின் கற்பனையில் அவர்கள் இல்லவே இல்லை. தேயிலைப் பெட்டியில் இருக்கிறது அவர்களுடைய உழைப்பு. அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது சோம்பலின் படம். ஐரிஷ்காரரைச் சோம்பேறிகள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆளப்படும் ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டவரை அதே கண்ணால் பார்க்கிறார். புளூம் கெட்டவர் இல்லை, நாவலிலேயே மிகவும் ஈரமுள்ள மனிதர். அவருக்குள்ளும் பேரரசின் விளம்பரம் புகுந்துவிட்டது என்பதை எங்களை விடத் தெளிவாகக் காணக்கூடிய வாசகர் இல்லை. இந்தப் பக்கத்தை ஆறுதலாக இரண்டுமுறை வாசியுங்கள்.

இருக்கும் சிலை, இல்லாத சிலை

7ஆம், 10ஆம் அத்தியாயங்களை டப்ளின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 7 தொடங்குவது நகரின் நடுவில் நெல்சன் தூண் முன்னால். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு 1809இல் நட்ட தூண். பக்கத்தில் பொது அஞ்சல் நிலையம்; அரசரின் முத்திரையெழுத்துப் பொறித்த சிவப்பு அஞ்சல் வண்டிகள் வாசலில் நிற்கின்றன. கொப்பியில் கோட்டுக்குக் கீழே எழுதிய ஆண்டுகளை இப்போது பாருங்கள். 1916 ஏப்ரலில் எழுச்சியாளர்கள் குடியரசைப் பிரகடனம் செய்து தலைமையகமாக்கியது அதே அஞ்சல் நிலையத்தை. அது எரிந்து கூடானது. இந்த அத்தியாயம் சஞ்சிகையில் வந்தது 1918இல். ஜோய்ஸ் எரிவை எழுதவில்லை. எரியப்போவது தெரியாத ஒரு சாதாரண நண்பகலை எழுதினார், வாசகர் மிச்சத்தைப் போட்டுக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தில் ஒரு பேச்சு புகழப்படுகிறது: எகிப்தியப் பூசகர் யூதரிடம் எங்கள் பண்பாட்டையும் சமயத்தையும் மொழியையும் ஏன் ஏற்கமாட்டீர்கள் என்று கேட்கிறார், மோசே தலைவணங்கவில்லை. கேட்பவர்கள் உருகிப்போகிறார்கள். ஸ்டீபன் பதிலுக்குச் சொல்வது ஒரு சின்னக் கதை. டப்ளின் கிழவிகள் இருவர் சேமிப்பை உடைத்து, இறைச்சியும் பாணும் 24 பிளம்ஸ் பழமும் வாங்கிக்கொண்டு நெல்சன் தூணில் ஏறுகிறார்கள். மேலே போனதும் தலைசுற்றுகிறது. நிமிர்ந்து சிலையைப் பார்க்க முடியவில்லை, குனிந்து நகரைப் பார்க்கவும் முடியவில்லை. இருந்து பழத்தைத் தின்று, கொட்டையைக் கம்பிக்கு வெளியே துப்புகிறார்கள். மோசே மலையிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்தார். இவர்கள் ஏறியது தங்களை ஆள்பவனின் தூணில். நெல்சனை ஸ்டீபன் ஒற்றைக்கைச் சோரநாயகன் என்கிறார். பிறன்மனை உறவுக்காகப் பார்னலை வீழ்த்திய ஊரின் நடுவில், அதே குற்றம் செய்த நெல்சன் தூண்மேல் நிற்கிறார். பார்னலுக்கு அன்று இருந்தது வெறும் அடிக்கல். ஆறாம் அத்தியாயத்தில் பிண ஊர்வலம் அதைக் கடக்கிறது. பத்தாம் அத்தியாயத்திலோ, 1798இன் தலைவர் வுல்ஃப் டோனின் சிலை “இல்லாத” கல் என்றே ஓரிடத்தை ஜோய்ஸ் அடையாளம் சொல்கிறார்.

பத்தாவது 19 துண்டுகள் கொண்டது. முதற் துண்டில் கொன்மி பாதிரியார் நடக்கிறார், கடைசித் துண்டில் அரசப் பிரதிநிதியின் குதிரைவண்டி ஊர்வலம் போகிறது. இரண்டு எசமானர்களுக்கு நான் வேலைக்காரன், ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் இத்தாலியர் (உரோமத் திருச்சபை) என்று முதலாம் அத்தியாயத்தில் ஸ்டீபன் சொன்னது இங்கே தெருவமைப்பாகவே மாறியிருக்கிறது. இடையில் ஒற்றைக்கால் கடலோடி ஒருவர் இங்கிலாந்துக்காக என்று பாடிப் பிச்சை கேட்கிறார். கொன்மி ஆசீர்வாதம் மட்டும் கொடுக்கிறார். காசு போடுவது ஒரு சாதாரணப் பெண்ணும், ஒரு யன்னலிலிருந்து நீளும் கையும்.

கடைசித் துண்டுக்குக் கொப்பியில் இரண்டு வரிசை போடுங்கள்: ஊர்வலத்துக்கு மரியாதை செய்தவர், செய்யாதவர். கழிவுநீர் ஓடும் பொட்டல் ஆறுகூட நாக்கை நீட்டி விசுவாசம் காட்டும். தேயிலை வியாபாரி கேர்ணனை விடாமல் பின்தொடருங்கள். எம்மெட்டைக் கொன்ற இடத்தைக் கடக்கும்போது மனம் இளகுபவர், சற்று நேரத்தில் ஊர்வலத்தைக் காண ஓடிப்போய், தவறவிட்டுவிட்டேனே என்று நொந்துகொள்கிறார். இரண்டும் ஒரே மனதில் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஆளப்படும் நாட்டின் மனத்தை இவ்வளவு குறைந்த சொற்களில் காட்டிய இடம் நாவலில் வேறில்லை.

தவறணையில்

12க்கு மூன்று கிழமை. பார்னி கியேர்ணன் என்பவருடைய தவறணையில், ‘பிரசை’ என்று மட்டும் அழைக்கப்படும் தேசியவாதி பேசிக்கொண்டிருக்கிறார். கதை சொல்பவர் பெயரில்லாத ஒருவர், அவருடைய தொழில் வராக்கடன் வசூலிப்பது. அவர் பேச்சுக்கு நடுவில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வேறு குரல்கள் வெட்டிக்கொண்டு வரும்: பழங்காவிய நடை, பாராளுமன்றக் கேள்வி நேரம், நீதிமன்ற நடை, பத்திரிகைச் செய்தி. புதியவர்கள் இங்கே தடம் மாறிப்போவார்கள். முதல் வாசிப்பில் கதைசொல்லியின் பேச்சுக்கு மட்டும் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு, அதை மாத்திரம் தொடர்ந்து வாசியுங்கள். இரண்டாம் வாசிப்பில் வெட்டுகளைச் சேருங்கள். காவிய நடை வெட்டு ஒன்றில் பிரசையின் இடுப்பில் ஐரிஷ் வீரர்களின் உருவங்கள் தொங்கும். பட்டியல் பழைய வீரர்களில் தொடங்கி, கொலம்பஸ், நெப்போலியன், கிளியோபாட்ரா என்று வீங்கி, ஷேக்ஸ்பியருக்கும் கன்பூசியஸுக்கும் ஐரிஷ் முற்பெயர் வைக்கும்வரை போகும். உலகத்துப் பெரியவர் எல்லாரும் எங்கள் ஆட்கள்தான் என்ற பேச்சு எந்த ஊருக்கும் அந்நியமானதில்லை.

பிரசையை வெறும் கோமாளியாக எடுத்தால் அத்தியாயம் கைநழுவும். அவர் சொல்வதில் பல உண்மை. பஞ்சத்தின்போது நாட்டில் விளைச்சல் இருந்தது, கப்பலில் வெளியே போனது. அயர்லாந்தின் கம்பளித் தொழில் நசுக்கப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது, ஜோய்ஸ் அதை மறைக்கவில்லை. ஆனால் பிரசையே, குடியெழுப்பப்பட்ட ஒரு குத்தகைக்காரரின் காணியைப் பிடித்தவர், அந்த ஊருக்குள் தலைகாட்ட முடியாதவர் என்று கதைசொல்லி சொல்கிறார். சொல்பவர் யார் என்பதை இங்கும் மறக்கக்கூடாது. கடன் வசூலிப்பவர், எல்லாரையும் பற்றிக் கோள் சொல்பவர். ஆகவே மூன்றாவது நிரலில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

புளூமிடம் நாட்டினம் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். ஒரே சனம் ஒரே இடத்தில் சீவிப்பது என்கிறார். சிரிக்கிறார்கள். வெவ்வேறு இடங்களில் சீவிப்பதும்தான் என்று சேர்க்கிறார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாதிக் குடும்பம் இருக்கிற வீட்டில் இந்தப் பதிலுக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். உன் நாடு எது என்று பிரசை நேராகக் கேட்கிறார். அயர்லாந்து, நான் இங்கே பிறந்தேன் என்கிறார் புளூம். பதிலுக்கு வருவது காறித்துப்பல், கடைசியில் ஒரு பிஸ்கற் பேணி எறி. ஆள்வோரின் கொடுமையைச் சரியாக எண்ணிச் சொன்ன அதே வாய், பக்கத்தில் நிற்கும் சிறுபான்மைக்காரரை வெளியே தள்ளுகிறது. நாவல் இரண்டையும் ஒரே மேசையில் வைக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்யாமல் இரண்டையும் கொப்பியில் எழுதுவதுதான் இந்த மூன்று கிழமை வேலை. குழுவில் குரல் உயரும், உயரட்டும்.

எஞ்சியவை

15ஆவது நாடக வடிவில் உள்ள நெடுங்கனவு. இந்தச் சுற்றில் கடைசிப்பகுதி போதும். குருவையும் அரசரையும் நான் கொல்லவேண்டியது இதற்குள்ளேதான் என்று ஸ்டீபன் தன் நெற்றியைத் தட்டுகிறார். அரசர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்த ஆங்கிலப் படைவீரன் அவரை அடித்து வீழ்த்துகிறான். அதற்கு முன் ஏழாம் எட்வேர்ட் மன்னரே கையில் வாளியோடு வந்து சமாதானம் பேசுவார். அதே எட்வேர்ட் இளவரசராக 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டியதுதான் யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம்.

16இல் சோர்ந்துபோன இரண்டு மனிதர் கோப்பிக்கு முன்னால் இருக்கிறார்கள். அயர்லாந்து எனக்குச் சொந்தமென்பதால்தான் அது முக்கியமாக இருக்கவேண்டும் என்கிறார் ஸ்டீபன். புளூமுக்கு விளங்கவில்லை. நாட்டை மாற்ற முடியாது, பேச்சை மாற்றுவோம் என்கிறார் ஸ்டீபன். 18 புளூமின் மனைவி மொலியின் நினைவோட்டம்: எட்டே நெடிய வாக்கியங்கள், நிறுத்தக்குறி ஏறத்தாழ இல்லை. வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முடியும் இடத்தில் நிறுத்துங்கள். மொலி பிறந்தது ஜிப்ரோல்டரில், இன்னொரு பிரித்தானியக் கோட்டை நகரில். டீசியின் கதையில் நாட்டைக் கெடுத்தவள் என்று பழி சுமந்த ‘மனைவி’ இங்கே முதன்முறையாகத் தானே பேசுகிறாள்.

ஜோய்ஸ் வெளிநாட்டில் இருந்தபடியே 1904ஆம் ஆண்டின் டப்ளின் வீதி விவரக்கொத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நகரம் அழிந்தால் தன் நூலைக் கொண்டு மீளக் கட்டலாம் என்று நண்பரிடம் சொன்னார். நாவல் வெளியான அதே 1922இல், யூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்து நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின. 1981 யூன் முதலாம் திகதி எங்கள் பொதுநூலகம் எரிந்ததைத் தெரிந்தவர்கள், கடைப்பெயரையும் வீட்டிலக்கத்தையும் இந்த நாவல் ஏன் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறது என்று கேட்கமாட்டார்கள்.

கடைசிக் கிழமைக்கு ஒரு வேலை. குழுவாக மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கிக் கோட்டைக்கு நடந்து, அங்கிருந்து நல்லூர் முத்திரைச் சந்தியிலுள்ள சங்கிலியன் சிலைவரை போங்கள். வழியில் காணும் சிலை, கல்வெட்டு, வீதிப்பெயர், பள்ளிக்கூடப் பெயர் எல்லாவற்றையும் அதே நான்கு நிரலில் எழுதுங்கள். இருக்கவேண்டியிருந்தும் இல்லாதவற்றுக்குப் பக்கத்தின் அடியில் இடம் விடுங்கள். வீட்டுக்கு வந்து ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை எடுத்து முதற் சில பக்கங்களை அதே கொப்பியோடு வாசியுங்கள், மயில்வாகனப் புலவர் அதை எழுதியது ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கிணங்க. அயர்லாந்தில் கண்டதை அப்படியே இங்கே பொருத்த அவசரப்படவேண்டாம். அங்கே ஆட்சி செய்த அந்நியர் ஒருவர். இங்கே மூவர், அவர்களுக்குப் பின்னும் கதை இருக்கிறது. நிரல்கள் அதே நான்கு, நிரப்புவது வேறு. மூன்றாவது நிரலுக்குச் சான்று கிடைக்காவிட்டால் கேள்விக்குறி போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பவேண்டாம்.